மூன்று கோட், நான்கு அண்டா: மந்தாரக்குப்பத்திலிருந்து பண்ருட்டிக்கு

இந்தப் பதிவில் வருபவை:

1. நானே ரிப்பேர் செய்த வண்டியில் ஏன் போனேன்
2. மஞ்சள் விளக்கு எரிந்தால் கோட் படிப்பது எப்படி
3. கோட் எண்களை ஓட்டுபவரிடம் உடனே சொல்லக் கூடாது, ஏன்?
4. முத்தாண்டிக்குப்பத்தில் நின்றது
5. தூரம், செலவு

பக்கத்து வீட்டு ஜமால் பாய் பிரியாணி மாஸ்டர். பல வருடம் பிறர் அடுப்பில் வேலை பார்த்தவர், போன மாசியில்தான் முதன்முறையாகத் தனியாக ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டார். பண்ருட்டியில் நானூறு பேருக்கு, ஒரு மணிக்குப் பந்தி. நன்றாக நடந்தால் அடுத்த கல்யாணம் வரும். இல்லையென்றால் மறுபடி பிறர் அடுப்புதான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய மினி லாரியில் ஒரு எர்த் வயர் துருப்பிடித்து அறுந்தது. மெக்கானிக் ஊரில் இல்லை. நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். படித்துப் பார்த்துச் செய்யக்கூடிய வேலைதான் என்று தோன்றியது. புது வயர் போட்டேன். அது வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் சேரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் எனக்கு என் கைமேல் நம்பிக்கை கிடையாது. துணைக்கு வருகிறேன் என்று, வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

காலை பத்தரைக்குப் புறப்பட்டோம், ஓட்டியது ஜமால் பாய். மைதா மாவால் வாய் மூடிய நான்கு அண்டாக்கள் பின்னால் தம்மில் இருந்தன. டவுன்ஷிப் சாலையில் மரநிழல் எங்கள்மேல் மெதுவாக ஓடியது. அனல் மின்நிலையக் கூலிங் டவர்களின் ஆவி எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. சுரங்கத்து மண்மேடுகள் தூரத்தில் நீலமாக, உண்மையான மலைகளைப் போலவே நின்றன. ஏலக்காய் வாசனையில் எனக்குக் கண் சொக்கியது. எரிகிற விளக்கைக்கூட முதலில் கனவில் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை முன்பே செருகியிருந்தேன். போனில் அதன் செயலியைத் திறந்தால் கோட், அதாவது கோளாறின் எண், வரும். பி2122, ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார். பி0113, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை. பி0335, எஞ்சின் சுழற்சியைப் பார்க்கும் கிராங்க் சென்சார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? நான் தொட்டதால் கெட்டதா? வாயைத் திறக்கவில்லை. கோட் என்று சொன்னால் ஓட்டுகிறவர் கை நடுங்கும் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தபடியே வந்தேன்.

முந்திரித் தோப்புகள் பூத்திருந்தன. அந்த இனிப்பு வாசனைக்குள் வண்டி முப்பதுக்கு மேல் போக மறுத்தது. முத்தாண்டிக்குப்பத்தில், ஒரு டீக்கடை எதிரே, ஒரு பெருமூச்சு விட்டு நின்றேவிட்டது. மணி பதினொன்றரை.

டீக்கடை அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். "இன்னா பாய், வாசன ஊரத் தூக்குது! இங்கயே எல போட்டுடலாமா?"

"போட்டுடலாம்கா. பொண்ணு மாப்பிள்ளையையும் இங்கயே வரச் சொல்லிடுறேன்," என்றார் ஜமால் பாய். சிரித்தார். ஆனால் நெற்றி வேர்த்திருந்தது. அவர் போன் அடித்தது. கல்யாணப் பெண்ணின் மாமா.

"எங்க வந்துகினு இருக்கீங்க?"

"தோ, பக்கத்துலதாங்க. தம் ஒடையக் கூடாதுன்னு மெதுவா ஓட்டிகினு வரேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், ஹாரன் அடிச்சாப் போதும், வண்டி கோச்சிக்கிது. டவுன்ஷிப்புலேருந்தே அப்படித்தான்."

"ஏன் பாய் சொல்லல?"

"நீங்க போனப் பார்த்துகினே இருந்தீங்க. படிச்சவரு, ஏதோ கணக்குப் போடுறாரேன்னு கம்முனு வந்தேன்."

ஹாரன்! ஹாரனும் எஞ்சின் கம்ப்யூட்டரும் சேரும் எர்த் ஒன்றுதான், நான் கைவைத்த அதே இடம். ஹாரன் மின்சாரம் இழுத்ததும் கம்ப்யூட்டர் தடுமாறி, கண்ணில் பட்ட சென்சாரையெல்லாம் குற்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டார்ட்டருக்கு வேறு தடித்த வயர் இருந்ததால்தான் வீட்டில் எதுவும் தெரியவில்லை.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் வயரை முடுக்கியிருந்த போல்ட்டை அவிழ்த்தேன். அடியில் சிவப்பாக, வழவழவென்று என் பெயிண்ட். மறுபடி துருப்பிடிக்கக் கூடாதென்று இரண்டு கோட்டிங் அடித்து, காய்ந்த பிறகு அதன்மேல் வயரை முடுக்கியிருந்தேன். போல்ட்டின் புரி வழியாக ஏதோ கொஞ்சம்தான் மின்சாரம் போயிருக்கிறது. பெயிண்ட் வழியாக மின்சாரம் போகாது என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"என் தப்புதான் பாய். பெயிண்ட் அடிச்சிட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் சார் அடிச்சிருக்கீங்க. இதையே கதவுல அடிச்சிருந்தா வண்டி புதுசாட்டம் இருந்திருக்கும்."

டீக்கடை அம்மாவின் வெங்காயக் கத்தியால், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினேன். வயரை முடுக்கி, கோட்களை அழித்துவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஜமால் பாய் ஹாரனில் கைவைத்து நீளமாக அடித்தார். விளக்கு வரவில்லை. இன்னொரு முறை அடித்தார்.

"போதும் பாய், கொழந்த தூங்குது," என்றார் அந்த அம்மா.

பன்னிரண்டே முக்காலுக்கு மண்டபம். மாவை உடைத்து மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் ஜமால் பாய் கொஞ்ச நேரம் காணாமல் போனார். சாதம் ஒட்டவில்லை, குழையவில்லை. ஒரு மணிக்குப் பந்தி தொடங்கியது. கை கழுவ வந்த பெரியவர் ஒருவர், "மாஸ்டர் யாரு? எங்க வூட்லயும் ஒரு கல்யாணம் வருது," என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

மீட்டர்படி தூரம் 34 கி.மீ. டீசல் சுமார் முந்நூறு ரூபாய். டீக்கடையில் காசு வாங்கவில்லை. திரும்பும்போது ஒரு தூக்குப் பிரியாணி கொடுத்தோம். ஸ்கேனர் ஆயிரத்து இருநூறுக்குக் கிடைக்கும். சம்பந்தமில்லாத பல கோட்கள் ஒன்றாக வந்தால் சென்சார் வாங்க ஓடாதீர்கள். பேட்டரி முனைகளையும் எர்த்தையும் கடைசியாக உங்கள் கைபட்ட இடத்தையும் பாருங்கள். வெறும் இரும்பில் வயரை முடுக்கிவிட்டு, பெயிண்ட்டை வெளியே மட்டும் அடியுங்கள்.

பதிவைத் தொடங்கும்போது மேலே பட்டியலில் உள்ள மூன்றாவது குறிப்பை முழு நம்பிக்கையோடுதான் எழுதினேன். ஆனால் டவுன்ஷிப்பிலேயே நான் எண்களைச் சொல்லியிருந்தால் அவர் ஹாரனைச் சொல்லியிருப்பார். அவர் கை நடுங்கும் என்று எழுதியிருக்கிறேன், நடுங்கியது என்னுடையது. மூன்றாவது குறிப்பு தவறு.