ஐம்பதாவது திரை

நான்காம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். ஒரு தையல் மெஷினில் தொடங்கி இன்று ஒன்பது வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் திரை தைப்பதில் எனக்கு நிகர் நான்தான். சந்தேகமிருந்தால் என் ஓரகத்தியைக் கேளுங்கள்; என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வராது, இதை மட்டும் ஒப்புக்கொள்வாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் நூற்றுப்பத்து மீட்டர் பச்சைத் துணியோடு வந்தார். ஐம்பது கட்டிலுக்கு ஐம்பது திரை. நனைத்துச் சுருங்கிய பிறகும் ஒவ்வொன்றும் நூற்றெண்பது சென்டிமீட்டர் நிற்க வேண்டும்.

"நாப்பத்தொம்பதுதாம்மா தேறும். கணக்குப் போட்டுட்டேன். இந்தத் துணி இனிமே வராது" என்றார்.

"அம்பதாவது கட்டில் எங்க இருக்கு?"

"பொம்பளைங்க வார்டு. வாசலுக்கு நேரா."

"அங்க படுக்கறவ எப்படி உடுப்பு மாத்துவா? நீங்க வேட்டியப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களா?"

பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த ஓரகத்தி குபீரென்று சிரித்தாள்.

அந்தத் துணி நனைந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். மேலும் கீழும் மடித்துத் தைக்க இருபது சென்டிமீட்டர் போகும். எல்லோரும் நனைத்துவிட்டுத்தான் தைப்பார்கள். அப்படிச் செய்தால் ஐம்பதாகப் பிரித்து ஒரு திரைக்கு வரும் இருநூற்று இருபது சென்டிமீட்டர் துணி நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஆகும். மடித்தால் நூற்று எழுபத்தெட்டு. இரண்டு குறையும்.

"முதல்ல தைச்சிட்டு, அப்புறம் நனைப்போம்" என்றேன்.

"எதை முதல்ல செஞ்சா என்னம்மா? ரெண்டும் அதே வேலைதானே?"

"தலையத் துவட்டிட்டுக் குளிப்பீங்களா சார்? இருநூத்தி இருபதுல மடிப்புக்கு இருபது போனா இருநூறு. இருநூறு நனைஞ்சா எவ்வளவு?"

அவர் தான் கணக்குப் போட்ட தாளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நூத்தியெண்பது! பத்தாவதுல சார்புகளின் சேர்ப்புன்னு படிச்சேம்மா. ஒண்ணோட விடையத் தூக்கி அடுத்ததுக்குள்ள போடணும். வரிசை மாறினா விடையும் மாறும். இது எதுக்கு உதவும்னு கேட்டு பெஞ்சு மேல நின்னேன்."

"நான் பெஞ்சு ஏறாமலே கத்துக்கிட்டேன்."

ஆனால் தைத்தபின் நனைத்தால் தையல் இழுத்துக்கொண்டு மடிப்பு சுருளும். அதனால்தான் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"அக்கா, ஒண்ணு வெட்டிப் பாழானா நாப்பத்தெட்டுதான் மிஞ்சும்" என்றாள் ஓரகத்தி.

நான் வெட்டினேன். நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, தையலை நீளமாக வைத்துத் தைத்தேன். நனைத்தேன். காயும்வரை ஸ்டோர் கீப்பர் கொடியை விட்டு நகரவில்லை. டேப்பை அவரிடமே கொடுத்தேன்.

நூற்றெண்பது. சுருள் ஒன்றும் இல்லை.

அவர் ரசீதில் முன்பே எழுதி வைத்திருந்த நாற்பத்தொன்பதை அடிக்கப் போனார். பேனாவை வாங்கி நானே அடித்து, ஐம்பது என்று பெரிதாக எழுதினேன்.