கையைத் தூக்கிய அம்மா

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேட்டில், வேலை முடிந்து போகும் பெண்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. அம்மாவும் முன்பு வேறொரு கம்பெனியில் பெருக்கிவிட்டு, தினமும் இப்படிச் சோதனைக்கு நின்றவள்தான். அவளைக் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், காலை ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேராக அங்கே போனேன்.

என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் தூக்கினாள். "நான் ஒண்ணும் எடுக்கல மேடம். செக் பண்ணி உட்டுடுங்க. ஊட்ல பொண்ணு தனியா கீது."

"நாந்தாம்மா அந்தப் பொண்ணு. இது ஆஸ்பத்திரி."

அவள் நம்பவில்லை. இறங்கி ஓடப் பார்த்து, ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினாள். வயதானவர்களுக்குக் காய்ச்சலில் இப்படிப் புத்தி குழம்பும், தெளிந்துவிடும் என்றார் நர்ஸ். எனக்குத்தான் பொறுமை இல்லை. துண்டை எடுத்து அவள் கையைக் கட்டிலோடு கட்டினேன்.

"மணி ஆவுது மேடம். புள்ள பசியோட வாசல்லயே நின்னுக்கினு இருக்கும்" என்று அழுதாள்.

அப்படி நின்றவள் நான். ஏன் இவ்வளவு லேட்டு என்று தினமும் அவள்மேல் எரிந்து விழுந்ததும் நான்தான்.

கட்டை அவிழ்த்தேன். அவள் மறுபடி கைகளைத் தூக்கினாள். கேட்டில் செய்வதுபோலவே தோளிலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தேன். வெறும் எலும்புதான் கையில் பட்டது.

"ஒண்ணும் இல்ல. நீ போலாம்."

"வரேன் மேடம்" என்றவள், அப்படியே படுத்துத் தூங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் தெளிந்துவிட்டாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. நான் இன்னமும் அதே கேட்டில்தான் நிற்கிறேன். எதிரே ஒருத்தி கையைத் தூக்கினால், அவள் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.