மைக் நிண்ட மூணு நிமிஷம்

மைக் செட் வாடகைக்குக் குடுக்கிறவன் வாயைத் திறந்தா கலியாண வீட்டுக் கூத்து வரும் எண்டுதானே வந்து குந்தியிரிக்கிறீங்க? இல்ல. இது வேதக்கோயில் கூட்டம். கூட்டங்கள்ல குந்தி இடுப்பு நொந்த சனம்தானே நீங்களும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

கல்முனையில அந்தக் கூட்டம் வருஷத்துக்கு ஒருக்கா. இந்தப் பக்கத்து வேதக்கோயில் ஒவ்வொண்டிலயும் இருந்து ஒராள் வரும். கொழும்புத் தலைமைச் சபை விதியில ஒரு சொல்லை மாத்திறதெண்டாலும் இந்தப் பகுதிச் சபையும் கை தூக்கோணும். ஓமா, இல்லையா, அவ்வளவுதான். அம்பிளிபயரோட மூலையில இரிக்கிற சாய்ந்தமருது முஸ்லிம் ஆள், எனக்கு மட்டும் வோட்டு இல்ல.

தலைவரிட குரல்

அப்ப நான் மைக் சோதிச்சது இலக்கம் சொல்லியில்ல, கூட்டத்துக்குத் தலைவரான போதகரிட குரலில. மூக்கால இழுத்து, "பிரியமான சகோதரரே..." எண்டு, அவர் விடுற அளவுக்கு மூச்சு விட்டு, "நேரம் போகுது" எண்டுவன். ஒருநாள் அவரே பின்னால வந்து நிண்டிட்டார். மனுஷன் சிரிக்கல்ல, ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக் குந்தினார்.

"நல்லாத்தானே கதைக்கிறாய். எனக்கு இண்டைக்குத் தொண்டை சரியில்ல, நீயே நடத்து."

கண்ணை மூடின விவாதம்

விவாதம் முடிய, வோட்டுக்கு முன்னம் ஒராள் ஜெபிப்பார். கண்ணை மூடினா ஆரும் மறுத்துக் கதைக்க ஏலாதே! ஒரு போதகர் அதை நல்லாப் பாவிச்சார். "கர்த்தாவே, இந்தத் திருத்தத்தால வாற அஞ்சு கெடுதியும் உமக்குத் தெரியும்" எண்டு தொடங்கி, அஞ்சையும் விளங்கப்படுத்தினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்க, வோட்டு அவர் பக்கம் சாஞ்சிட்டு. தோத்தவர் என்ட காதுக்குள்ள சொன்னார்:

"அடுத்த முறை அந்தாள் ஜெபிக்கக்குள்ள வயரைப் புடுங்கு தம்பி. கடவுளுக்கு மைக் தேவல்ல."

கோமாரியில இருந்து வந்தவர்

அப்ப சூறாவளி அடிச்சு நாலு வருஷம் இரிக்கும். பன்னிரண்டு குடும்பத்துக்குக் குறைஞ்ச கோயிலைப் பூட்டி, பக்கத்துச் சபையோட சேர்க்கோணும் எண்டு ஒரு திருத்தம் வந்திச்சு. கோமாரியில கூரை பறந்த கோயிலுக்குத் தென்னோலைக் கிடுகு மேஞ்சு, எட்டுக் குடும்பம்தான் மிச்சம். அங்கயிருந்து சாமுவேல் ஐயா விடியப் பஸ்ஸேறி வந்தார். சேட்டுப் பொக்கற்றில பேச எழுதின கடுதாசி.

"என்ட கலியாணம், புள்ளையளிட ஞானஸ்நானம், எல்லாம் அதுக்குள்ளதான் மனே. நான் கதைக்கக்குள்ள சத்தத்தைக் கூட்டி விடு, எனக்குக் குரல் நடுங்கும்."

மூணு நிமிஷம்

பள்ளிவாசல்ல லுஹருக்கு, பகல் தொழுகைக்கு, வாங்கு சொல்லிக் கேட்டா நான் மைக்கை நிப்பாட்டுவன், தலைவரும் பேச்சை நிப்பாட்டுவார். அது எங்களுக்குள்ள வழக்கம். அண்டைக்குச் சமையல்பக்கம் இறைச்சிக்கறி மணத்திட்டு. போதகர்மாரிட விதவையளுக்கு உதவுற விதியைக் கதைச்சு முடியக்குள்ள வாங்கு. நான் நிப்பாட்டினன். தலைவர் நிப்பாட்டல்ல. விதவை விதிக்கு முன்வரிசையில மட்டும் கையை எண்ணி, கோயில் பூட்டுற திருத்தத்தையும் மைக் இல்லாம வாசிச்சு முடிச்சார். அச்சடிச்ச கடுதாசியும் பின்வரிசைக்குப் போகமுன்னம் தீந்துபோச்சு.

வாங்கு முடிய மைக்கைப் போட்டன். "ஆதரவான ஆக்கள் கை தூக்குங்க" எண்டது மட்டும் கடைசி வரிசைவரைக்கும் கேட்டிச்சு. விதவையளுக்கு எண்டு நினைச்சு, பின்வரிசையில இருந்த சாமுவேல் ஐயா முதல் ஆளாக் கை தூக்கினார். தலைவருக்குப் பக்கத்தில இருந்த எனக்கு எல்லாம் விளங்கிச்சு. வோட்டில்லாதவனுக்கு என்ன கதை எண்டு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தன். "ஏகமனதாக" எண்டார் தலைவர்.

சோறு திண்டு மறுகா, ஐயா கடுதாசியை விரிச்சுக்கிட்டு மைக்கடிக்கு வந்தார். "எங்கட கோயில் விஷயம் எப்ப வரும்?" தலைவர் கொப்பியைப் பிரட்டினார். மத்தவங்க நிலத்தைப் பாத்தாங்க. சோத்துக் கோப்பையளை எடுக்க வந்த சமையல்காரி மரியம்மாதான் வாய் திறந்தா. மைக்கும் போட்டபடி.

"அது முடிஞ்சுதே அண்ணே! கோயிலைப் பூட்ட நீங்கதானே முதல்ல கை தூக்கின நீங்க?"

அதுக்குப் பிறகு நான் மைக் சோதிக்கிறது தலைவரிட குரலில இல்ல, ஒண்டு, ரெண்டு, மூணு சொல்லித்தான்.