தூணுக்குள் மாப்பிள்ளை

கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் விடுதியின் தரைத்தளத் தூண் ஒன்றுக்குள் ஒரு மனிதர் நின்றபடி இருக்கிறார் என்று பேச்சு. அவரை அடித்து உள்ளே இறக்கி, மேலே கான்கிரீட் கொட்டி மூடியது ஒரு பெண் இன்ஜினியராம். டீக்கடையில் கேட்டபோது ஒரு மனிதர்தான். சலூனுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேராகிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர், கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதில் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது என்றார். "மணி சரியா காட்டுச்சா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

செத்தவரை முதலில் பார்த்துவிடுவது நல்லது என்று அவர் வீட்டுக்குப் போனேன். சோபாவில்தான் இருந்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். உறிஞ்சுகுழலில் பால் குடித்துக்கொண்டிருந்தார். விடுதி வேலையின் கான்ட்ராக்டர் இவர்தான். விடுதி முதலாளியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் சித்தாள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் இவர் 'மாப்பிள்ளை'. தொழில் தெரியாவிட்டாலும் முறுக்குக்குக் குறைவில்லை.

"உங்களைத் தூணுக்குள்ள வெச்சுப் பூசிட்டதா சொல்றாங்களே?" என்றேன்.

பல்லைக் கடிக்க வழியில்லாததால் கண்ணை உருட்டினார். அவர் மனைவி மொழிபெயர்த்தார்: "அவளை உயிரோட விடமாட்டேங்கிறார்."

'அவள்' என்று இங்கே சொல்லப்படுபவருக்கு நாற்பது வயது. வேலையிடங்களில் அவர் பெயர் 'உடைச்சிடு மேடம்'. கோணலாக எது நின்றாலும் அவர் வாயில் வரும் சொல் அது ஒன்றுதான். சிவில் படித்ததற்குப் பின்னால் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டருக்கு மார்க் எட்டவில்லை. மிச்சமிருந்த இடம் இது. செய்தியைச் சொன்ன அன்று அவருடைய அண்ணன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தார். தையல்கடை வைத்திருந்த அம்மா கத்தரிக்கோலை வீசினார். அது கதவில் குத்தி நின்றது.

"மேலே படக்கூடாதுன்னுதான் கதவைப் பார்த்து வீசினேன்" என்கிறார் அம்மா, இப்போதும் கொஞ்சம் பெருமையோடு. "நம்ம குறி தப்பாது."

முதல் வேலையில், ஒரு கொத்தனார் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார் மேடம். சுவர் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. உடைக்கச் சொன்னார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கரண்டி புடிச்சவன் நான், போம்மா" என்றார் கொத்தனார். மேடம் ஈரச் சுவரை ஒரே உதையில் சாய்த்தார். கொத்தனார் அறைந்தார். மேடம் அவர் முன்கையைக் கடித்தார். நான்கு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்க வந்தவர்களில் ஒருவருக்கும் இரண்டு அடி விழுந்தது. கொத்தனார் சுவரைத் திரும்பக் கட்டினார். நேராகவே கட்டினார். கையில் தழும்பு இருக்கிறது; கேட்டால் நாய் என்று சொல்கிறார்.

இப்படி அடித்தும் அடிபட்டும் பதினெட்டு வருடம் ஓடியபின் விடுதி வேலைக்கு இன்ஜினியராக வந்தார்.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். தூணுக்குள் ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் நிரப்பி, அரை அடி உயரத்துக்குக் கட்டிகள் வார்ப்பார்கள். மேலே தூண் எண்ணைப் பெயிண்டில் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். பிறகு அந்தக் கட்டியை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தால் தூணின் பலம் தெரிந்துவிடும். மாப்பிள்ளை இந்த ஏற்பாட்டை வெகுவாக ரசித்தார். கட்டிதானே பரீட்சை எழுதுகிறது, தூணா எழுதுகிறது? ஆகவே கட்டிகளுக்கென்று தனிச் சட்டியில் சிமெண்டை அள்ளி அள்ளிப் போட்டு, பிள்ளைக்கு நெய் ஊட்டுவதுபோல் ஊட்டி வளர்த்தார். தூணுக்குப் போனது மணலும் தண்ணீரும்.

மேடம் சும்மா இருப்பாரா? தூணுக்குப் போகிற சட்டியிலேயே கையை விட்டு அள்ளித் தன் பங்குக்கும் கட்டிகள் வார்த்து, அதே தூண் எண்ணை எழுதி, அதே தொட்டியில் போட்டுவைத்தார்.

தூணைச் சுற்றி அடித்த பலகையைப் பிரித்த அன்று அதன் அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மேடம் வழக்கமான சொல்லைச் சொன்னார்.

"உடைச்சிடு."

"பூசிட்டாப் போச்சு. இதுக்குப் போயி..." என்றார் மாப்பிள்ளை.

"இது மேல மூணு மாடி நிக்கணும். பொண்ணுங்க படுத்துத் தூங்கணும்."

"உன் பொண்ணா தூங்கப் போகுது?"

"உங்க பொண்ணைக் கொண்டுவந்து தூங்க வைங்களேன், பார்ப்போம்."

மாப்பிள்ளை அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கூட்டம் கூடியதும் அவருக்கு வீரம் ஏறியது. மேடத்தின் பின்கழுத்தைப் பிடித்துத் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை அழுத்தினார். கம்பி கட்டுபவர்கள் ஓடிவருவதற்குள் மேடம் இரண்டு மடக்கு சிமெண்ட் தண்ணீர் குடித்திருந்தார். முழங்கையால் அவர் விலாவில் இடித்துத் திமிறினார். மாப்பிள்ளை கைக்குக் கிடைத்த கட்டி ஒன்றைத் தூக்கி அவர் தலையைக் குறிபார்த்து எறிந்தார். மேடம் குனிந்தார். கட்டி தொட்டியின் விளிம்பில் பட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு துண்டு மேடத்தின் கால் கட்டைவிரலை நசுக்கியது. தண்ணீருக்குள் கையை விட்டு, அகப்பட்ட கட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி, அரை வட்டம் சுழற்றி மாப்பிள்ளையின் தாடையில் இறக்கினார் மேடம். எட்டுக் கிலோ. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டதாகக் கம்பி கட்டுபவர் சொல்கிறார். மாப்பிள்ளை மணல் குவியலில் சாய்ந்து இரண்டு பற்களைத் துப்பினார்.

அடுத்தது காவல் நிலையம். புகாரோடு வந்தவர் முதலாளி. மேசையில் ரத்தக்கறையோடு முழுக் கட்டி. பக்கத்தில் ஒரு சாக்கில் உதிர்ந்த கட்டி. இங்கேதான் முதலாளி, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார்: கேஸை மறந்துவிட்டுச் சரக்கைப் புகழ்ந்தார்.

"பாருங்க சார், எங்க மாப்பிள்ளை போட்ட கான்கிரீட்டு! தாடை ரெண்டாப் போச்சு, கட்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா?"

இன்ஸ்பெக்டர் சாக்கைக் கவிழ்த்தார். பெயிண்ட் எழுத்துள்ள துண்டு ஒன்று உருண்டது. "இதுலயும் அதே தூண் நம்பர்தானே இருக்கு?"

"அது அந்தம்மா போட்டது சார். தகராறு பண்றதுக்குன்னே போட்டது."

"தூணுக்குள்ள ஊத்துன சட்டியில இருந்து எடுத்தது சார்" என்றார் மேடம், வீங்கிய உதட்டோடு. "முழுசா இருக்கே, அது தனிச் சமையல்."

"அப்ப உங்க தூணு எந்தக் கட்டி மாதிரிங்க?" என்று முதலாளியைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். முதலாளிக்கு அப்போது பார்த்து ஒரு போன் வந்தது. வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். அவர் ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். "இன்னைக்கே பூசிடு. மேல தளத்துக்குப் பலகையை அடி. சீக்கிரம்!"

பூச்சு காய்ந்து தளமும் ஏறிவிட்டால் அந்தத் தூண் எப்படிப்பட்டது என்று அது விழுகிற நாளில்தான் தெரியும். மேடம், கூப்பிட்டால் வருவதாகக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒற்றைக் காலை இழுத்தபடி ஆட்டோ ஏறினார். விடுதியில் மேஸ்திரி அதற்குள் தூணின் அடிப்பக்கம் பூச ஆரம்பித்திருந்தார். சம்மட்டி அடிப்பவர் ஒருவர் அங்கே உண்டு. ஆளைப் பார்த்தே அவருக்குக் 'குட்டியானை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடம் அவர் முன்னால் கையை நீட்டினார்.

"அதைக் குடுங்கண்ணே."

"மேடம், இந்தச் சம்மட்டிக் காம்பு என் கைக்குன்னு செதுக்கினது. யாருக்கும் குடுக்கறதில்ல."

"அப்ப நீங்க அடிங்க."

"எனக்குக் கூலி குடுக்கறது மாப்பிள்ளையாச்சே மேடம்."

மேடம் பிடுங்கிக்கொண்டார். முதல் அடியில் ஈரப்பூச்சு மேஸ்திரியின் முகத்தில் தெறித்தது. தடுக்க வந்த மேஸ்திரியின் தோளில் காம்பால் ஒன்று விழுந்தது, அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப்பின் யாரும் கிட்டே போகவில்லை. அடி விழ விழத் தூண் மண்ணாங்கட்டியாகக் கொட்டியது. கம்பிகளுக்கு நடுவே முதலில் ஒரு சிமெண்ட் சாக்கு வந்தது, அடுத்து ஒரு ரப்பர் செருப்பு. இடத்தை அடைக்க எதையோ போட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் "ஐயோ, செருப்பு!" என்று அலறினார். செருப்பு இருந்தால் கால் இருக்க வேண்டும், கால் இருந்தால் ஆள் இருக்க வேண்டும் என்று ஊர் மீதியைக் கட்டிக்கொண்டது. அந்தக் கட்டுமானத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

இடுப்புயரம் வரை உடைந்தபோது காம்பு முறிந்தது. மேடம் உள்ளங்கைத் தோல் உரிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். குட்டியானை கடப்பாரையை எடுத்துவந்து மிச்சத்தைச் சாய்த்தார். கேட்டதற்கு, "அரைகுறையா விட்டா யாரு மேலயாவது விழும்ல" என்றார்.

அன்றே மேடத்துக்கு வேலை போயிற்று. தாடை கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே போகவும் நேரலாம் என்கிறார் வக்கீல். விடுதியில் அந்தத் தூணை வேறு கான்ட்ராக்டர் ஊற்றுகிறார். இன்ஸ்பெக்டர் மற்ற தூண்களையும் துளைபோட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டதால், மாப்பிள்ளை வீட்டில் முதலாளி அண்ணனும் தங்கையும் தினமும் ஒரு பாத்திரமாவது வீசிக்கொள்கிறார்கள்.

மேடத்தை நான் பார்த்தது வேறொரு வேலையிடத்தில். குட்டியானையையும் கூலி கொடுக்காமல் துரத்தியிருந்ததால் அவரும் அங்கேதான் இருந்தார், கடன் வாங்கிய சம்மட்டியோடு. மேடம் கடையில் ஒரு காம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். குட்டியானை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சுவரில் சாத்திவிட்டார்.

"இது துடைப்பத்துக்கு ஆகும் மேடம். என்னோடது வேணும்."

"நல்ல கட்டையா பார்க்கறேண்ணே."

"பார்க்கறேன் பார்க்கறேன்னு எத்தனை நாளு?"

மேடம் எதிர்ச் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல இரண்டடி பின்னால் நகர்ந்தார்.