மஞ்சள் விமானத்துக்கு மயக்கம்

அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்தது அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள்தான். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே ஒரு நாய் குறுக்கே போகலாமா என்று யோசித்தாலே போதும், அவள் கால் அதன்மேல் இருக்கும். வாரம் முழுக்க இப்படி எச்சரிக்கையே உருவாக இருப்பவள், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள புல்வெளியில் நின்று, ரிமோட்டால் ஒரு மஞ்சள் விமானத்தைத் தலைகீழாகப் பறக்கவிட்டுக் குதிப்பாள்.

பொம்மை விமானம் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். இறக்கையைப் பொருத்தினால் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஆள் நடக்க முடியாது. மூக்கில் நிஜப் பெட்ரோல் எஞ்சின். பேக்கரி நடத்தும் அவள் கணவர், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "இதுதான் வீட்டு ஓனர். நாங்க எல்லாம் வாடகைக்கு இருக்கோம்" என்பார்.

அந்த ஓனருக்குத்தான் திடீரென்று ஒரு வியாதி வந்தது. வானத்தில் பெரிய வட்டமாகக் குட்டிக்கரணம் அடித்து, கீழே வந்து மூக்கை நிமிர்த்தும் நேரத்தில், விமானம் சொல்பேச்சு கேட்கவில்லை. இறக்கையிலும் வாலிலும் இருக்கும் மடிப்புகளை அசைப்பது சர்வோ என்கிற சின்ன மோட்டார்கள். அத்தனை சர்வோவும் ஒரே நேரத்தில் செத்தது போல நின்றன. விமானம் நேராகத் தரையைப் பார்த்து வந்தது. அவள் அலற வாயைத் திறந்தாள். அதற்குள் உயிர் வந்து, புல்லை உரசுகிற மாதிரி நிமிர்ந்து மேலே போய்விட்டது. இறக்கி முடித்ததும் அவள் முதல் வேலையாக எஞ்சினை அணைத்தாள்.

அந்தப் புல்வெளியில் விமானம் விடுகிறவர்களின் கிளப்பில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "சிக்னல் கோளாறு" என்றார் ஒருவர். ஆன்டெனாவை மாற்றினாள். "ரிசீவர் போச்சு" என்றார் இன்னொருவர். ரிமோட்டின் கட்டளையை வாங்கி சர்வோக்களுக்குச் சொல்லும் அந்தப் பெட்டியையும் மாற்றினாள். பேட்டரியை அளந்தாள், முழு சார்ஜ். வீட்டு மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்தால் எல்லாம் சமத்தாக ஆடின. மறுபடி மேலே அனுப்பினால், வேகமாகத் திருப்பும்போது மறுபடி அதே மயக்கம். கிளப் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "காரணம் தெரியுற வரைக்கும் பறக்கவிடாதீங்கம்மா. கீழ மனுஷங்க நிக்கிறோம்" என்றார். நியாயம்தான். ஆனாலும் அழுகை வந்தது.

விடை வந்தது பயிற்சிக் காரில். அன்றைய மாணவர் ஒரு பல் டாக்டர். ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினை அணைத்துவிடுகிற கைராசிக்காரர். பழைய கார், களைத்த பேட்டரி. அவர் சாவியைத் திருகும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் முனகும், பாடிக்கொண்டிருந்த ரேடியோ பட்டென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து விழித்துக்கொள்ளும். நாலாவது முறையும் அப்படியே ஆனபோது, அவள் ரேடியோவையே பார்த்தாள். பிறகு டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

டாக்டர் வெலவெலத்துப் போனார். "மேடம், நான் இப்ப என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பா? நீங்க தெய்வம் சார்! இன்னொரு தடவை ஆஃப் பண்ணுங்க!"

அவருக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெருமையாக ஆஃப் செய்தார்.

விஷயம் இதுதான். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் அளந்தால் எப்போதும் நன்றாகத்தான் காட்டும். காற்றை எதிர்த்து எல்லா சர்வோவும் ஒரே நேரத்தில் தம் பிடித்துத் தள்ளும்போதுதான் கரண்ட் போதாமல் வோல்டேஜ் சரியும். ரிசீவர் ரேடியோ மாதிரி ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்ளும். அப்படியானால் தரையிலேயே அந்தப் பாரத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கைகள் வேண்டும்.

அன்று மாலை குடும்பமே ஹாலில் கூடியது. மாவு பிசைந்து உரமேறிய கைகளோடு கணவர் வாலுக்குப் போனார். நாத்தனாரும் நாத்தனாரின் கணவரும் ஆளுக்கொரு இறக்கை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து புதுப் பார்வை வந்திருந்தது. காலண்டர், மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டு நம்பர் பிளேட் என எதையும் விடாமல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் வோல்டேஜ் காட்டும் மீட்டரைக் கொடுத்தாள்.

"நான் ரிமோட் குச்சியத் தள்ளும்போது மடிப்பு அசையும். நீங்க லேசா எதுத்துப் பிடிங்க. முரட்டுத்தனமா அமுக்காதீங்க, சர்வோவுக்குள்ள பல்சக்கரம் உடைஞ்சிடும்" என்றாள்.

"அண்ணி, எனக்குச் சிரிப்பு வருது."

"சிரிச்சுக்கிட்டே பிடி. அத்தை, படிங்க!"

"ஆறரை" என்றார் மாமியார். அவள் இரண்டு குச்சிகளையும் மூலைக்குத் தள்ளினாள். சர்வோக்கள் கீச்சிட்டன. "ஆறு... அஞ்சு... நாலு... அய்யய்யோ, மூணரை! விழுது, விழுது!"

பட்டென்று எல்லாம் அடங்கியது. எதிர்த்துப் பிடித்திருந்த நாத்தனார் பிடிமானம் போய் சோபாவில் சரிந்தாள். கணவர் வாலைப் பிடித்தபடி, "செத்துடுச்சா?" என்றார்.

"செத்துடுச்சு! சூப்பரா செத்துடுச்சு!" அவள் மாமியாரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அடுத்தது, மின்சாரம் எங்கே தொலைகிறது என்று பார்ப்பது. பேட்டரி முனையில் மீட்டரை வைத்து இன்னொரு முறை எல்லோரையும் பிடிக்கச் சொன்னாள். அங்கே வோல்டேஜ் அசையவில்லை. சுவிட்சுக்கு அந்தப்பக்கம் வைத்தாள், தடாலென்று விழுந்தது. தொட்டுப் பார்த்தால் சுவிட்ச் டீ டம்ளர் மாதிரி சுட்டது. சின்ன விமானத்துக்கான பொடி சுவிட்ச், நூல் மாதிரி ஒயர். சினிமா விட்டதும் மொத்தக் கூட்டமும் ஒற்றைக் கதவில் முட்டிக்கொள்வது போல, அத்தனை சர்வோவுக்கும் போகிற கரண்ட் அந்த ஒரே வழியில் திணறியிருக்கிறது.

அதைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு பேட்டரி, இரண்டு பெரிய சுவிட்ச், தடித்த ஒயர், தனித்தனி வழி. மறுபடி கும்பல் கூடியது, மறுபடி பிடித்தார்கள்.

"ஆறரை" என்றார் மாமியார். "ஆறரை... ஆறேகால்... ஆறேகால்தான்." அவர் முகம் வாடியது. "ஏம்மா, மீட்டர் கெட்டுப்போச்சா?"

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே புல்வெளிக்கு வந்தது. கிளப் தலைவர் மீட்டரைத் தானே பார்த்துத் தலையாட்டினார். மஞ்சள் விமானம் உறுமிக்கொண்டு எழுந்தது. முதல் குட்டிக்கரணத்தின் அடியில் அவள் பல்லைக் கடித்துக் குச்சியை இழுத்தாள். விமானம் வெண்ணெயில் கத்தி போன மாதிரி வளைந்து மேலே போனது. அப்புறம் அவளைப் பிடிக்க ஆளில்லை. உருட்டினாள், புரட்டினாள், ஒரு இறக்கை வானத்தையும் மறு இறக்கை தரையையும் பார்க்க, கத்தி போலச் செங்குத்தாக நிறுத்திப் பறக்கவிட்டாள். கணவர் விசிலடித்தார். "போதும்மா, எறக்குங்க!" என்று தலைவர் கத்தியதும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்று அவள் கத்தியதும் மாறி மாறிக் கேட்டன.

அந்த ஒன்றின் உச்சியில் எஞ்சின் இருமியது. நின்றது. பெட்ரோல் காலி.

புல்வெளி சட்டென்று அமைதியானது. காற்றின் மெல்லிய சீழ்க்கை மட்டும் கேட்டது. எஞ்சின் நின்றாலும் சர்வோக்களுக்குத் தெம்பு குறையவில்லை. அவள் விரல் அசைந்த அளவுக்கு அளவாக மடிப்புகள் அசைந்தன. அகலமாக ஒரு வளைவு எடுத்து, மரங்களுக்கு மேலே மிதந்து, மஞ்சள் விமானம் புல்லில் பூப்போல உட்கார்ந்தது.

ரிமோட்டை அணைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் அப்படியே மல்லாந்து விழுந்து, விக்கல் வரும்வரை சிரித்தாள். மாமியார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவள் தலைமாட்டில் நின்றார்.

"எஞ்சின் இல்லாமலே இவ்ளோ அழகாப் பறக்குதே," என்றார் மூச்சிரைக்க. "அப்புறம் எதுக்கும்மா அதுக்குப் பெட்ரோல் ஊத்துறே?"