காப்புக் கட்டும் ஊரில் ஒரு வரவேற்புத் தேதி

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது. மீனம்பாக்கத்தில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு கைப்பை, ஒரு குறிப்பேடு, ஒரு சொல். கைப்பையில் நான்கு நாளைக்கான துணி. குறிப்பேட்டில் விருந்துக்கு அழைக்க வேண்டிய நூற்று நாற்பது பெயர்கள். சொல் என் அக்கா தனத்தினுடையது. மூன்று வாரத்துக்கு முன் மெல்பர்னிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "அக்கா, உத்திரமேரூர்ல மண்டபம் புடிச்சாச்சு, சித்திரை கடைசி ஞாயிறு சாயங்காலம்" என்று சொன்னேன்.  "அப்டியா" என்றாள். எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அந்த "அப்டியா"தான் என்னைப் பதினைந்து மணிநேரம் விமானத்தில் தூங்கவிடாமல் உட்கார்த்தி வைத்தது.

இந்த விருந்தே அக்காவுக்காகத்தான். என் மகள் கயலுக்கும் டேனியலுக்கும் மெல்பர்னில் கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகம், ஒரு பூங்கா, இருபத்தாறு பேர், மதியச் சாப்பாடு. அக்காவின் நாற்காலி காலி. அவளுக்கு விசா மறுத்திருந்தார்கள். வந்த கடிதத்தில் ஒரு வரி இன்னமும் எனக்கு மனப்பாடம்: விண்ணப்பதாரர் தன் சொந்த ஊருக்குத் திரும்பிச் செல்வார் என்று நம்பப் போதுமான காரணமில்லை. கல்யாணம் முடிந்த அன்று மாலையே கயல் சொல்லிவிட்டாள், பெரியம்மா இருக்கிற இடத்தில் இன்னொரு முறை மாலை மாற்றிக்கொள்வோம், உறவு, சிநேகம் எல்லோரையும் அங்கே கூப்பிடுவோம் என்று. அப்போது எளிதாகத்தான் தோன்றியது. கடல் தாண்டி ஒரு விருந்து ஏற்பாடு செய்வதென்பது இருட்டறையில் ஊசியில் நூல் கோப்பது என்று பிறகுதான் தெரிந்தது.

காலை ஆறரை. திரிசூலத்தில் செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், பத்து ரூபாய். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கைப்பேசி விழித்துக்கொண்டது. டேனியலின் அம்மா எழுதியிருந்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதினான்கு பேர் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை இறங்கி புதன்கிழமை ஏறுகிறார்கள், டிக்கெட்டை மாற்ற முடியாது. மண்டபத்தில் சாய்தளம் உண்டா? குடிநீர் எப்படி? உங்கள் ஊரில் ஓட்டுப் போடும் விதிமுறைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களாமே, அதைப் பார்க்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து பேருந்து, முப்பது ரூபாய், ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் மேல். பாலாற்றைத் தாண்டியதும் காற்றின் வாடை மாறியது. மணல், எரிந்த கரும்புச் சோகை, ஈர நெல். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓட்டுநர் திட்டிக்கொண்டே அதன் மேல் ஏறாமல் ஒதுங்கி ஓட்டினார். இரண்டு பக்கமும் நவரைப் பட்டத்து நெல் கதிர் பிடித்து நின்றது, ஒரே பச்சை, கண்ணைக் கழுவுகிற பச்சை. நான் அதைப் பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். இலை எத்தனை, வண்டி எத்தனை, நாற்காலி எத்தனை. மனசு ஒரு மூலையில் எலியைப்போல் கொறித்துக்கொண்டே இருந்தது: அப்டியா, அப்டியா.

காலை ஒன்பதே முக்கால். உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் நடக்கிற தூரம். ஏரிப்பக்கத்திலிருந்து காற்று வந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் பெயர் முருகேசன், ஐம்பது வயதிருக்கும், சட்டைப்பையில் மூன்று பேனா. வாடகை எண்பத்தைந்தாயிரம், இலைக்கு முன்னூற்று இருபது, ஜெனரேட்டர் தனி. சாய்தளம் இல்லை, பலகை போட்டுத் தருகிறேன் என்றார். வெள்ளைக்காரர்களுக்குக் காரம் குறைத்துத் தனிச் சாம்பார் வைக்கலாமா என்று அவரே கேட்டார். நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். மூச்சு கொஞ்சம் இலகுவானது.

பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் எந்த ஊர், வேன் எங்கிருந்து விட வேண்டும் என்று கேட்டார். காவாந்தண்டலம் என்றேன். முதல் வரிசை முழுக்க அந்த ஊர்தான், என் அக்காவைக் கொடுத்த ஊர்.

முருகேசன் பேனாவை மூடினார்.

"யம்மா, அந்த ஞாயித்துக்கெயம அங்க அம்மன் கோயில் தீமிதி. பத்து நாளு முன்னாடியே காப்பு கட்டிருவாங்கோ. காப்பு கட்டிட்டா ஊரு சனம் வெளிய தங்காது. அதுவும் தீமிதி அன்னிக்கி சாயங்காலம் ஒரு குஞ்சு கூட இங்க வராது. எங்க சமையல்ல பாத்திரம் தேய்க்கிறவங்க ரெண்டு பேரு அந்த ஊருதான், இப்பவே லீவு சொல்லிட்டாங்கோ. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. பஞ்சாங்கம் பார்த்தோம். மெல்பர்ன் பள்ளி விடுமுறை பார்த்தோம், டேனியலின் தங்கைக்குப் பரீட்சை எப்போது என்று பார்த்தோம், விமானக் கட்டணம் எந்த வாரம் இறங்குகிறது என்று பார்த்தோம். அம்மன் தேதி எந்த நாட்காட்டியிலும் அச்சாவதில்லை. ஊர் கூடி, உட்கார்ந்து பேசி, பறை அறைந்து சொல்லும். அதைக் கேட்க அந்த ஊரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊரில் இருப்பவளைக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பிறந்தவள் நான். நாற்பது பேரைக் கேட்டேன், அக்காவைக் கேட்கவில்லை. அவள் எந்தத் தேதிக்கும் வருவாள் என்று வைத்துக்கொண்டேன்.

மதியம் பன்னிரண்டு பத்து. காவாந்தண்டலம் வழியாகப் போகும் சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் பத்து ரூபாயை நீட்டியதும் நடத்துநர் என் பையில் தொங்கிய விமான நிறுவனத்தின் அட்டையைப் பார்த்தார். "ஃபாரின்லேர்ந்து வந்தாலும் பொம்பளைக்கு ஃப்ரீதாம்மா, உள்ள போய் குந்து" என்றார். பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அக்காவுக்குக் கோபம் என்று முடிவு கட்டிவிட்டேன். விசா கிடைக்காத வருத்தம் ஆறாமல், தேதி மோதுகிறது என்று தெரிந்தும், தெரிந்தேதான், வாயை மூடிக்கொண்டாள். வராமல் இருக்க ஒரு நல்ல சாக்கு கிடைத்தது என்று இருந்துவிட்டாள். பேருந்து ஒவ்வொரு குழியில் விழுந்து எழும்போதும் அந்த எண்ணம் ஓர் அங்குலம் ஆழமாக இறங்கியது.

ஒரு மணிக்கு அக்கா வீட்டு வாசல். வேப்பமரத்தடியில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி செல்வி, எலும்பும் தோலுமா வந்து நிக்கிற. அங்க சோறு போட்றாங்களா இல்ல மாத்திரயே துன்னுறியா?"

சாப்பிட வைத்தாள். மோர், வற்றல் குழம்பு, முருங்கைக்கீரை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தேதி ஒத்துவராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

"நீ கேட்டியா? மண்டபம் புட்சிட்டேன்ன. டிக்கெட்டு போட்டாச்சின்ன. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

நான் கெஞ்ச ஆரம்பித்தேன். மாமா இருந்து ஊர்க் காரியத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், உனக்கு மட்டும் கார் அனுப்புகிறேன், ஒரு மணிநேரம் வந்து பிள்ளைகளுக்கு மாலை எடுத்துக் கொடு, இருட்டுவதற்குள் ஊர் எல்லைக்குள் கொண்டுவந்து விடுகிறேன், அம்மன் ஒன்றும் நினைத்துக்கொள்ளாது. வெட்கமில்லாமல் பேசினேன். அக்கா முறத்தைத் தட்டினாள். கல் ஒரு பக்கம், உளுந்து ஒரு பக்கம்.

"ஊருக்கு கட்டுற காப்பு வேற. இது என் கையில கட்டப்போறது."

எனக்குப் புரிய நேரமானது. தீ மிதிப்பவர்கள்தான் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். மஞ்சள் துண்டு கோத்த கயிறு. கட்டினால் பத்து நாள் ஒருவேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அறுபது வயதில் நீ எதற்கு மிதிக்கிறாய் என்று கேட்டேன். அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். சேற்றில் நின்று நின்று வெடித்த குதிகால்.

அக்கா எழுந்துபோய் உளுந்தைச் சாக்கில் கொட்டிவிட்டு வந்தாள். முகத்தைக் காட்டாமல், கொடியில் கிடந்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருசம் முன்னாடி போன்ல அய்தியே, ஞாபகம் கீதாடி? மொத நிச்சயம் நின்னுபோச்சி, புள்ள ஒண்டியா வேற வூடு எடுத்துக்கினு போய்ட்டா, யாராண்டயும் பேசமாட்டன்றான்னு. அந்த வெள்ளிக்கெயமயே வேண்டிக்கினேன். அவ நல்லபடியா ஒருத்தன் கைய புட்சிட்டான்னா, அடுத்த தீமிதியில எறங்குறேன்னு. நீ வாணான்னுவ, அதான் சொல்லல."

நான் அழுததே எனக்கு மறந்துபோயிருந்தது. அழுதவள் மறந்துவிட்டாள், கேட்டவள் இரண்டு வருடம் அதைச் சுமந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவுக்கே சிரிப்பு வந்தது. "திரும்பி வரமாட்டேன்னு எய்திக் குடுத்தான் பாரு உங்க ஊரு ஆபீஸரு. என் எருமைய எவன் கறப்பான்னு அவனுக்கு தெரில. இப்ப வந்து பாக்கச் சொல்லு, நானே போவ மாட்டேன்."

பிற்பகல் மூன்று மணி. கோயில் முன்னால் ஒரு மேடு தட்டிய வெற்றுத்திடல். தணல் பரப்பும் குண்டம் இன்னும் வெட்டவில்லை. நான்கு மூலைக்கும் கல் மட்டும் நட்டிருந்தார்கள். ஒரு கோழி அதற்குள் தரையைக் கிளறிக்கொண்டிருந்தது. அங்கே நின்று கயலை அழைத்தேன். அங்கே இரவு எட்டரை, பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது கழுவும் சத்தம் நின்றிருந்தது.

பெரியம்மா எத்தனை மணிக்கு இறங்குவார்கள் என்று கேட்டாள். ஆறு மணி வாக்கில் என்றேன். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் சென்னைக்காரர்கள் வரமாட்டார்கள், பெயர்ப்பட்டியலில் பாதிக்கு மேல் அவர்கள்தான், உன் அப்பாவின் சிநேகிதர்கள், என் கல்லூரித் தோழிகள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"அம்மா, பெரியம்மா வராத ஃபங்ஷனுக்கு நான் யாருக்காகப் புடவை கட்டணும்?"

விருந்தை ஒரு நாள் தள்ளித் திங்கட்கிழமை மாலைக்கு வைப்பதென்று முடிவானது.

புதன்கிழமை காலை ஒன்பது. மண்டபத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். திங்கட்கிழமை காலை வேறொருவர் வீட்டு வளைகாப்பு இருக்கிறது, மூன்று மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் முருகேசன். திங்கள் காலை மஞ்சள் நீர் விளையாடிக் காப்பை அவிழ்த்துவிடுவார்கள், மாலையில் ஊர் முழுக்க வரும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். பாத்திரம் தேய்க்கும் இருவரும் அன்றைக்கு விருந்தாளிகளாக வருவார்கள், வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று சலித்துக்கொண்டார்.

பட்டியலில் இருந்தவர்களுக்குச் செய்தி எழுதினேன். எழுதி அழித்தேன், மறுபடி எழுதினேன். திங்கட்கிழமை மாலை ஆறரை என்று அனுப்பிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் அது நடுங்க ஆரம்பித்தது. வேலை நாளாயிற்றே. முயற்சி செய்கிறோம். வாழ்த்துகள், கயலிடம் சொல்லுங்கள். வரமாட்டார்கள் என்று தெரிந்த ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். எழுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.  மாப்பிள்ளை வீட்டுப் பதினான்கு பேரை என்ன சொல்லி உட்கார வைப்பேன், பாதி மண்டபம் காலியாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஓடியது. கல்லூரித் தோழி ஒருத்தி மட்டும் ஒரு நாள் முன்னதாக வந்து தீமிதியைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். டேனியலின் அம்மா ஒரே வரி அனுப்பியிருந்தார்: நெருப்பு சூடாக இருக்குமா?

காலை பத்தரைப் பேருந்து. அக்கா நிறுத்தம் வரைக்கும் வந்தாள். தூக்கில் எருமைத்தயிர் கொடுத்தாள், விமானத்தில் விடமாட்டார்கள் என்றால் சென்னைக்குள்ளேயே தின்றுவிடு என்றாள். பேருந்து திரும்புவது தெரிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பயணத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான்.

"குண்டத்துக்கு அந்தப் பக்கம் பால்குயி வெட்டி வப்பாங்கோ. தணல்லேர்ந்து நேரா அதுலதான் கால வெக்கணும். பொகையில எதிர்ல ஒண்ணும் தெரியாது, எனக்கு அதான் பயம், நெருப்பு இல்ல. கயலு பாப்பாவ பால்குயியாண்ட நிக்கச் சொல்லு. சேப்புப் புடவ கட்டிக்கினு நிக்கச் சொல்லு. நம்ம ஆளு ஒண்ணு நின்னா நான் நடந்துருவேன்."

பேருந்து கிளம்பியது. பின் கண்ணாடியில் அக்கா சிறுத்து, கோயிலும் சிறுத்து, பிறகு நவரைப் பச்சை இரண்டையும் மூடிக்கொண்டது.

மெல்பர்ன் விமான நிலையத்தில் பயணிகள் வெளிவரும் கதவுக்கு எதிரே இடுப்புயரத்துக்கு ஒரு கம்பி உண்டு. அக்காவுக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து மனத்துக்குள் எத்தனையோ தடவை நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். கதவு விலகும், மூடும். யார் யாரோ வருவார்கள். கடைசியில் கையில் ஒரு துணிப்பையுடன், வெளிச்சத்தில் கண் கூசி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவள் வருவாள். நான் கையை உயர்த்துவேன். அவளுக்காக வாங்கிய குளிர்கோட்டு இன்னமும் விலைச்சீட்டோடு அலமாரியில் தொங்குகிறது.

குறிப்பேட்டில் புதுப்பக்கம் திருப்பினேன். பேருந்து ஆடியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. ஞாயிறு, மாலை ஐந்தரைக்கே போய்விட வேண்டும். பால்குழியின் ஓரம். கயல், சிவப்புப் புடவை. கையை உயர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், புகையிலும் தெரிகிற மாதிரி.