தேடும், போய் நிற்கும்

"வார்த்தையைத் தேடும். போய் நிற்கும்."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் நீட்டிய நீளமான தாளில், நாற்பது வரி கம்ப்யூட்டர் நிரலுக்கு மேலே விளக்கம் என்று இருந்தது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்திலும் இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. போய் எங்கே நிற்கும், தேடியது கிடைக்காவிட்டாலும் நிற்குமா, ஒரு தகவலும் இல்லை. எழுதியவருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு ஜீவன் இதைப் படிக்கும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை.

எண்பதுகளின் பிற்பாதி. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜை ஒட்டிய மாடி அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். ஃபேன் கம்ப்யூட்டர்களுக்கு, எங்களுக்கு அதில் மிச்சம். முதலாளி பஞ்சு வியாபாரத்திலிருந்து வந்தவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், தூசி தட்டுவார். நிரல் எழுதியவர் பசுமலையில் படித்து முடித்த ஓர் அண்ணன். இரண்டு வருஷம் உட்கார்ந்து ஓர் எடிட்டர் உண்டாக்கியிருந்தார். கடிதமோ பத்திரமோ கம்ப்யூட்டரில் அடித்துத் திருத்திக்கொள்ளும் நிரல் அது. மெட்ராஸ் கம்பெனி ஒன்று அதை முழு நிரலோடு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது என்ன செய்யும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அவர்களுடைய ஆள் வந்து, யாரையும் கேட்காமல், படித்தே பயன்படுத்திப் பார்ப்பார். முக்கியமாகத் தேடல் பகுதியை.

அதற்குத்தான் என்னைப் பிடித்தார்கள். பி.எஸ்ஸி. கணக்கு, டைப்ரைட்டிங்கில் ஹையர். மூன்று மாதம் சோதனை, அதன் பிறகு நிரந்தரமா என்று கேட்டால் முதலாளி "பாப்போம்மா" என்பார். ஊரில், எழுமலையில், எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கம், சொந்த டிராக்டர். எனக்குப் பிடிக்கவில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் வெறுமனே பிடிக்கவில்லை என்றால் எடுபடாது. வேலை நிரந்தரம் என்றால் தள்ளிப்போடலாம் என்றார். அதனால் அவரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் "பாப்போம்" என்று சொல்லிவைத்திருந்தார். இந்த இரண்டு "பாப்போம்"களுக்கும் நடுவில் நான் மாட்டியிருந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அம்புட்டுத்தான்.

அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, இது போய் எங்க நிக்கும்?"

"வார்த்தைகிட்ட."

"வார்த்தைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அங்கனதாம்மா நிக்கும். ஓட்டிப் பாரு, தெரியும்."

எதைக் கேட்டாலும் இதே பதில்தான். ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்ட வெளியூர்க்காரனிடம் "இப்படியே போங்க, வரும்" என்று சொல்லி அனுப்புகிற அதே ஊர்க்காரர்தானே. ஸ்டேஷன் வராவிட்டால் அது ஸ்டேஷனின் குற்றம்.

சரி, படிப்பவருக்கு என்ன புரிகிறது என்று பார்ப்போம் என்று கீழே இறங்கினேன். எங்கள் மாடிக்குக் கீழே ஒரு பாய் ஸ்டேஷனரி கடை வைத்திருந்தார். தாள், ரிப்பன், கார்பன் எல்லாம் அவரிடம்தான். அவர் முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையை விரித்து, பென்சிலைக் கையில் கொடுத்தேன்.

"பாய், நீங்கதான் கம்ப்யூட்டர். இந்தப் பென்சில் முனைதான் நிக்கிற இடம். 'மணமகள்'ங்கிற வார்த்தையத் தேடி, போய் நில்லுங்க."

பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினார். கண்டுபிடித்ததும் வார்த்தையின் நடு நெஞ்சில் பென்சிலை ஊன்றினார்.

"நடுவுலயா நிப்பாங்க?"

"நீதானம்மா போய் நிக்கச் சொன்ன? தள்ளி நிக்கச் சொல்லலியே?"

அவர் சொன்னது நியாயம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மாடியில் இருந்தவர்மேல் வந்தது. கோபத்தோடு படியில் நின்றபோதுதான் உசிலம்பட்டி பஸ் வந்தது. வழக்கம்போல் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. கூட்டம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடியது. நான் மாடிக்கு ஓடினேன்.

"அண்ணே, நம்ம பஸ்ஸு மாதிரி வார்த்தையத் தாண்டித்தான் நிக்குமா?"

இரண்டு வருஷமாக யாரும் புரிந்துகொள்ளாத மனிதரின் முகம் மலர்வதை அன்றுதான் பார்த்தேன். "அதேதான்! தாண்டித்தான் நிக்கும். பின்னாடி தேடுற பகுதி இருக்குல்ல, அது எதிர்ப்பக்கமிருந்து வார பஸ்ஸு. அது அங்கிட்டுத் தாண்டி நிக்கும்."

"பஸ்ஸு எங்கிருந்து கெளம்பும்? மொத பக்கத்துலருந்தா?"

"நீ இப்ப எங்க நிக்கிறியோ அங்கிருந்து. தாண்டி வந்தத எதுக்குத் திரும்பப் பாக்கணும்?"

அன்று மாலைக்குள் எழுதிவிட்டேன். முன்னோக்கித் தேடினால், நிற்கும் இடத்திலிருந்து கடைசி வரை பார்க்கும். கிடைத்த வார்த்தையின் கடைசி எழுத்தை அடுத்து நிற்கும். பின்னோக்கித் தேடினால் முதல் எழுத்துக்கு முன்னால் நிற்கும். பாயிடம் மறுபடி பத்திரிகையை விரித்துப் படித்துக் காட்டினேன். பென்சில் சரியான இடத்தில் நின்றது. "இப்பத்தாம்மா மனுசன் பாஷை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். தேடியது கிடைக்காவிட்டால்?

நிரலைப் படித்தால் தெரிந்தது. கிடைக்காவிட்டால் அது கடைசிவரை போய், அங்கே நின்றுகொண்டு, மெதுவாக ஒரு பூச்சியத்தைத் திருப்பித் தருகிறது. கிடைத்தால் ஒன்று. அந்தப் பூச்சியம்தான் "இல்லை". ஆனால் அண்ணன் அதை எழுதவிடவில்லை.

"வாங்க வர்றவன்கிட்ட, மொத பக்கத்துலயே 'கிடைக்காது, இல்ல'ன்னா எழுதுறது? நல்லாவா இருக்கு? 'கடைசிவரை போய் நிற்கும்'னு போடு. தன்மையா இருக்கும்."

இதில் அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் அம்மா "இல்லை" என்று சொல்லமாட்டார், "வாங்கணும்" என்பார். பாயிடம் ரிப்பன் கேட்டால் "திங்கக்கெழமை வருது" என்பார். எந்தத் திங்கள் என்று கேட்பது மரியாதையில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே. எனக்குப் பூச்சியம் தெரியும், தெரிந்தே விட்டேன். "கடைசிவரை போய் நிற்கும்" என்று அழகாக அடித்துவைத்தேன். தன்மையாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மெட்ராஸ் இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, சட்டையை உள்ளே விட்டிருந்தார், காபி வேண்டுமா என்று கேட்டதற்கு "வேண்டாம்" என்றார். முதலாளி ஆடிப்போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் நிஜமாகவே குடிக்கவில்லை.

என் விளக்கத்தை வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் உட்கார்ந்தார். ஒரு வார்த்தையைத் தேடி, நிற்கும் இடத்துக்கு முந்திய சொல்லை அழிக்கும்படி ஆறு வரி எழுதினார். நான் எழுதியதை நம்பினால் அது சரிதான். நிற்பது வார்த்தையைத் தாண்டி, எனவே முந்திய சொல்தான் தேடிய சொல். ஓர் ஆங்கிலக் கடிதத்தில் அதை ஓட்டினார். அந்தக் கடிதத்தில் அவர் தேடிய வார்த்தை கிடையாது. எடிட்டர் தன்மையாகக் கடைசிவரை போய் நின்று, அங்கே இருந்த கடைசிச் சொல்லை அழித்தது. கடிதத்தின் அடியில் "யுவர்ஸ்" மட்டும் மொட்டையாக நின்றது. "ஃபெயித்ஃபுல்லி"யைக் காணோம்.

"கிடைச்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றார்.

"பாத்தா தெரியும் சார்" என்றார் அண்ணன்.

"பார்க்காம?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "பூச்சியம் வரும் சார். வந்தா இல்லைன்னு அர்த்தம். எழுதல."

"தெரிஞ்சும் எழுதலயா?"

"தெரிஞ்சும் எழுதல சார்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நாளைக்கு மத்தியானம் எனக்கு ரயில். அதுக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா எங்களுக்கு வேண்டாம்" என்றார். "இல்லேன்னா" என்பதோடு வாக்கியத்தை விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். அவர் முழுசாக முடித்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தேன். மூன்று மாத வேலையும் ஒரு பூச்சியத்தில் நின்றது. அடித்தேன்: "தேடியது இல்லையென்றால் பூச்சியம் தரும். அப்போது நிற்கும் இடத்துக்கும் தேடிய வார்த்தைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பூச்சியமா என்று பார்க்காமல் எதையும் அழிக்காதே."

அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். கடைசியில், "'அழிக்காதே'க்கு முன்னாடி ஒரு 'ப்ளீஸ்' போடும்மா" என்றார். போட்டேன்.

இன்ஜினியர் படித்தார், ஓட்டினார், இன்னொரு தடவை ஓட்டினார். "யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி" அசையாமல் இருந்தது. "ப்ளீஸ்" வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். வாங்கிக்கொள்கிறோம் என்றார். எடிட்டரோடு அண்ணனையும் மெட்ராஸுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார். முதலாளி சந்தோஷத்தில் இரண்டு கம்ப்யூட்டருக்கும் தூசி தட்டினார்.

எல்லாரும் கலைந்த பிறகு நான் முதலாளியின் மேசை முன்னால் நின்றேன்.

"சார், எனக்கு வேலை நிரந்தரமா?"

"பாப்போம்மா."

"சார்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. காலையில் அடித்த வரிகளின் சூடு விரலில் இருந்திருக்கலாம். "பூச்சியமா, ஒண்ணான்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் தூசி தட்டும் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பாவம், வியர்த்துவிட்டது. "இல்லம்மா" என்றார். "எடிட்டர் போயிருச்சு, எழுதுன ஆளும் போறாரு. இங்க இனி வேலை இல்ல. நீ நல்லாத்தான் எழுதுன."

அதற்கு முன்பு யாரும் என்னிடம் அந்தச் சொல்லை அவ்வளவு நேராகச் சொன்னதில்லை. பஸ்ஸில் உசிலம்பட்டிவரை அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு பாட்டி கொய்யாப்பழம் கொடுத்தார். அதையும் அழுதுகொண்டே தின்றேன். ஆனால் முதலாளிமேல் கோபம் வரவில்லை. "பாப்போம்" என்று சொல்லியிருந்தால் இன்னும் ஆறு மாதம் அந்த மாடிக்குப் போய் நின்றிருப்பேன்.

எழுமலையில் பஸ் தாண்டித்தான் நின்றது. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"மாப்ள வீட்ல புதன்கெழமை பூ வைக்க வாராகளாம்."

"நீங்க என்னப்பா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"பாப்போம்னுதாம்மா சொன்னேன். மூணு தடவையும் அதத்தான் சொன்னேன்."

"அவங்க சரின்னு எடுத்துக்கிட்டாங்க."

"எடுத்துக்கிட்டாக போல" என்றார். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

"வேண்டாம்னு சொல்லிருங்கப்பா."

"மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது?"

"நான் எழுதித் தாரேன்."

உள்ளே போய் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தேன். எங்களுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இல்லை, புதன்கிழமை வர வேண்டாம் என்று இரண்டே வரி. அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். திருப்பிப் படித்தார்.

"மேல 'அன்புள்ள'ன்னு ஒண்ணு போடும்மா."

போட்டுக்கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வேலை நெரந்தரமாயிருச்சா?"

"இல்லப்பா. அதுவும் இல்ல."

கவிழ்ந்த சைக்கிளின் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"மாப்ளயும் வேணாங்கிற. வேலையும் இல்லங்கிற. அப்ப என்னதான் செய்யப்போற?"

"தேடணும்ப்பா."

"எங்கருந்துன்னு தேடுவ?"

"நிக்கிற எடத்துல இருந்துதான்."

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ. சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்து அம்மாவிடம் தட்டு எடுக்கச் சொன்னார்.

"மொதல்ல சாப்பிடு" என்றார். "சாப்பிட்டுட்டுத் தேடு."